ஒரே தேதியில் பிறந்த, இறந்த பெரிய ஆட்கள்

கேள்வி: பிப்ரவரி 12, 1809, டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் ஒரே நாள் ஒரே வருஷம் பொறந்தவங்கன்னு இன்னைக்குத்தான் படிச்சேன், நம்பவே முடியல. இந்த மாதிரி வேற தேதி தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: மார்ச் 14 பாருங்க. 1879ல ஐன்ஸ்டீன் பொறந்தாரு, 1883ல கார்ல் மார்க்ஸ் இறந்தாரு, 2018ல இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இறந்ததும் அதே தேதிதான். ஹாக்கிங் பொறந்த ஜனவரி 8, 1942 இன்னும் ஆச்சரியம், சரியா 300 வருஷம் முன்னாடி அதே நாள்லதான் கலிலியோ இறந்தாரு.

பதில்: என்னை உலுக்கினது ஜூலை 4, 1826. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தோட 50வது வருஷ நாள், அன்னைக்கே அதை எழுதின ஜெஃபர்சனும் கூட நின்ன ஜான் ஆடம்ஸும் (ரெண்டு பேருமே முன்னாள் அமெரிக்க ஜனாதிபதிகள்) சில மணி நேர இடைவெளியில இறந்துட்டாங்க, ஆடம்ஸ் கடைசியா ஜெஃபர்சன் இன்னும் உயிரோட இருக்காருன்னு சொன்னதா சொல்வாங்க, ஆனா அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மன்றோ இறந்ததும் ஜூலை 4தான்!

பதில்: ஒண்ணு கவனிங்க, பழைய தேதின்னா எந்த காலண்டர்னு பாக்கணும். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, 1616 ஜூலியன் கணக்கு, அதாவது அப்போ இங்கிலாந்துல இருந்த பழைய காலண்டர். அதே தேதியில இறந்ததா சொல்ற எழுத்தாளர் செர்வான்டஸ் ஸ்பெயின்ல, அங்க இப்ப நாம பயன்படுத்துற கிரிகோரியன் காலண்டர். ரெண்டுக்கும் 10 நாள் வித்தியாசம், அதனால அவங்க ஒரே நாள்ல இறக்கல. அப்புறம் தேதி ஒத்துப்போறது நாம நினைக்கிற அளவுக்கு அபூர்வமில்ல, வெறும் 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல.

கேள்வி கேட்டவர்: காலண்டர் விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி.