மெத்தடுக்கு 'உசாவி' சரிவருமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் இட்டு எழுதும் முறை) ஆவணத்தில் வடிவம் பொருத்தித் தேடும் வினவல்களில் வரும் மெத்தடுக்கும் (method) 'செயல்முறை' என்றே வைத்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஜாவா நூலுக்கு அது சரி. அங்கே மெத்தட் ஒரு பொருளின் நிலையையே மாற்றிவிடக்கூடும். இங்கே அது ஆவணத்தின் ஒரு பகுதியான கணுவைப் பார்த்து "நீ எத்தனையாவது?", "உன் பெயர் என்ன?", "நீதான் கடைசியா?" என்று கேட்டுப் பதில் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். ஆவணம் இருந்தபடியே இருக்கும்.

அதனால் 'உசாவி' என்கிறேன். முழுக் கோவைக்கு வினவல். அதற்குள் கணுவிடம் கேட்கும் சிறு உறுப்புக்கு உசாவி. உசாவியை, உசாவிகளால் என்று உருபும் தடையில்லாமல் ஏறும். கணுவின் இடத்தைக் கேட்பதை 'இடவுசாவி' என்று சேர்த்தெழுதினால் உறுத்தத்தான் செய்கிறது. 'இட உசாவி' என்று பிரித்தே எழுதலாம்.

'செயற்கூறு' போதாதா என்று கேட்டவருக்கு: எக்ஸ்எம்எல் ஆவணத்தில் தேடும் மொழியாக 1999 நவம்பரில் வந்த எக்ஸ்பாத் 1.0 இவற்றை ஃபங்ஷன் (function) என்றுதான் சொல்கிறது. அடிப்படைத் தொகுப்பில் 27 உண்டு. அவற்றில் ஒட்டிச் சேர்க்கும் கான்கேட்(), எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட்() போன்றவை சரத்தோடும் (எழுத்துத் தொடரோடும்) எண்ணோடும் முடிந்துவிடும், கணுவோடு அவற்றுக்குப் பேச்சே இல்லை. அவற்றுக்குச் செயற்கூறுதான் பொருத்தம். மெத்தட் என்ற பெயர் அதற்கு முந்தைய மைக்ரோசாஃப்டின் எக்ஸ்எஸ்எல் பேட்டர்ன் மொழிக்கு உரியது. மெத்தட், ஃபங்ஷன் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் படிப்பவர் எங்கே இடறுவார் என்று பாருங்கள்:

பட்டியல்/நூல்[0]

(குறிச்சொல்லைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது.) பழைய மொழியில், கணு எத்தனையாவது என்று சொல்லும் இன்டெக்ஸ்() 0-இல் தொடங்கும், ஆகவே முதல் நூல் வரும். அதே கேள்விக்குப் பதில் தரும் எக்ஸ்பாத்தின் பொசிஷன்() 1-இல் தொடங்குகிறது. அங்கே இதே வரிக்கு ஒன்றும் வராது, பிழைச்செய்திகூட வராது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்எம்எல் மென்பொருளான எம்எஸ்எக்ஸ்எம்எல் 3.0-இல் எந்த மொழி என்று குறிப்பிடாமல் விட்டால் பழையதுதான் ஓடும். அப்படி எழுதிய நிரல்களைப் படிக்க வருபவருக்கு இது உசாவியா செயற்கூறா என்று சொல்லிலேயே தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், சரத்தின் நீளத்தைச் சொல்லும் எக்ஸ்பாத்தின் ஸ்ட்ரிங்-லெங்த்()துக்குக் கலைச்சொல் பட்டியலில் 'எழுத்தெண்ணி' என்று போட்டிருப்பதை மாற்றிவிடுங்கள். 'நூல்' என்று கொடுத்தால் அது 4 என்கிறது: ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. நமக்கு அது இரண்டெழுத்து. 'சரநீளம்' என்றால் சண்டை இல்லை.