ரெகுலேற்றர் சத்தம் போட்டால்: காஸ் அடுப்பு அனுபவங்கள்

அடுப்புத்திருத்தம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில ஒரு குசினி. 12.5 கிலோ சிலிண்டர் புதுசு, ரெகுலேற்றர் பழசு. பேர்னரைக் குறைச்சு வைச்சால் "ம்ம்ம்" எண்டு உறுமல், கூட்டினால் நிண்டுபோகும். மணம் ஒண்டுமில்லை. வெடிக்கப்போகுதெண்டு சிலிண்டரை முத்தத்துக்கு உருட்டியாச்சு.

ரெகுலேற்றரின்ர மண்டையில ஒரு விரலை வைக்க, உறுமல் சுருதி இறங்கிச்சுது. விரலை எடுக்கப் பழையபடி ஏறிச்சுது. உள்ளுக்கை இருக்கிற ரப்பர்த் தகடு நடுங்கிற சத்தம் அது. காஸ் ஒழுகிற சத்தம் தொட்டதுக்கெல்லாம் மாறாது.

மண்டைக்குள்ளை அந்தத் தகடும் மேலை ஒரு ஸ்பிரிங்கும் கீழை ஒரு நெம்பும் இருக்கு. நெம்பின்ர நுனியில உள்ள ரப்பர் காஸ் வாற துவாரத்தை மூடித் திறக்கும். பேர்னரைக் குறைக்க ரப்பர் துவாரத்துக்குக் கிட்ட வந்து நிக்கும். ரப்பர் தேஞ்சிருந்தால் நிலையா நிக்காமல் அடிச்சு அடிச்சுத் திறக்கும். அந்த அடி தகட்டையும் ஓஸையும் அதிரவைக்கும். கழட்டித் திருத்திற சாமான் இல்லை உது, மாத்துறதுதான். மாத்தும் வரைக்கும் சோப்புத் தண்ணி பூசி ஒழுக்கில்லை எண்டு பாத்திட்டுச் சமைக்கலாம்.

ஓஸ்_கிளிப்

உறுமல் வேறை, சீறல் வேறை அண்ணை. திருநெல்வேலியில கண்டது சீறல். ரெகுலேற்றரைப் பூட்டி சுவிச் ஓஃபில இருக்கேக்கை சத்தமில்லை. ஓன் பண்ணின உடனை "ஸ்ஸ்ஸ்".

வழக்கமான கிளிக் ரெகுலேற்றரில ஓன் பண்ணினால்தான் ஊசி இறங்கி சிலிண்டர் வால்வை அமத்தும். அதால, ஓனில மட்டும் சீறினால் வால்வு வாய்க்குள்ளை இருக்கிற கறுப்பு ரப்பர் வளையத்தில பிழை. ரெகுலேற்றரைக் கழட்டின பிறகும் சீறினால் வால்வே மூடேல்லை. அப்ப பிளாஸ்டிக் மூடியை இறுக்கி, வெளியில வெட்டவெளியில நிமித்தி வைச்சு, கடைக்காரருக்கு அறிவிக்கவேணும்.

அந்த வாய்க்குள்ளை இருந்தது சைக்கிள் ரியூப்பில வெட்டின வளையம்! ஒரு பக்கம் ஊதி, மற்றப் பக்கம் மடிஞ்சு கிடந்தது. ரியூப் ரப்பர் காஸில ஊறிப் பருக்கும். இந்த வளையம் நைற்றைல் ரப்பர். வளையம் இல்லாத சிலிண்டரை வாசலிலையே திருப்பிக் குடுங்கோ. மூடியைக் கழட்டி உள்ளுக்கை பாக்க ஒரு நிமிசம் ஆகாது.

குருநகர்_காற்று

கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து ஸ்பிரிங்கைத் தின்னும், ரெகுலேற்றர் உடம்பில வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி வரும். ஆனால் இஞ்சை கண்டது அது இல்லை, குளவி. மண்டையில ஊசித்துவாரம் ஒண்டு இருக்கெல்லே, அதுக்குள்ளை குளவி மண் வைச்சு அடைச்சுப்போட்டுது. நெருப்பு ஏறி இறங்குது, ரெகுலேற்றர் விக்குது. சட்டை ஊசியால குத்தி மண்ணை எடுக்க நிண்டிட்டுது.

அடுப்புத்திருத்தம்

ஊசி போடாதேங்கோ!

கஸ்தூரியார்வீதி

ஊசி விசயத்தை விட்டிட்டுப் போகேலாது. அந்தத் துவாரம் தகடு மூச்சு விடுற வழி. தகடு மேலை எழும்பேக்கை காத்து வெளியில போகும், இறங்கேக்கை உள்ளுக்கை வரும். அடைபட்டால் தகடு சுணங்கும், அமுக்கம் தடுமாறும். உண்மைதான். ஆனால் துவாரத்துக்கு நேர கீழை அதே தகடு, மெல்லிய ரப்பர். ஊசி பட்டால் ஓட்டை. பிறகு அந்தத் துவாரத்தாலையே காஸ் வரும். நீங்கள் குத்தின ரெகுலேற்றரில சோப்புத் தண்ணி ஒரு துளி விட்டுப் பாருங்கோ. குமிழி தொடர்ந்து வந்தால் அதைத் தூக்கி எறியுங்கோ. வராட்டிலும் மாத்துங்கோ, ஏனெண்டால் மண் உள்ளுக்கையும் விழுந்திருக்கும்.

சோப்புத் தண்ணியைப் பற்றியும் சொல்லவேணும், பாதிப்பேர் பிழையாத்தான் செய்யினம். பாத்திரம் கழுவுற திரவம் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. நுரை அடங்கும் மட்டும் வையுங்கோ. நுரையோடை பூசினால் எல்லா இடமும் குமிழியாத் தெரியும். பழைய பெயின்ற் பிரஷ் ஒண்டு காணும். அடுப்புத் திருகெல்லாம் பூட்டு, ரெகுலேற்றர் ஓன். முதல் சிலிண்டர் வாய், பிறகு மண்டைத் துவாரம், ஓஸ் பூட்டின ரெண்டு முனை, கடைசியா ஓஸ் முழுக்கத் தடவி மடிச்சு மடிச்சு வெடிப்புப் பாக்கிறது. குமிழி மெதுவா வளருற இடத்திலதான் ஒழுக்கு. பாத்து முடிய ஈரத்துணியால துடைச்சு விடுங்கோ, சோப்பு காய்ஞ்சால் உலோகம் அரிக்கும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பாக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். அவைக்கு என்னத்தைச் சொல்ல?

குமிழியில பிடிபடாத சின்ன ஒழுக்குக்கு இன்னொரு வழி இருக்கு. மணம் இல்லை எண்டால் மட்டும் செய்யுங்கோ. திருகெல்லாம் பூட்டி ரெகுலேற்றரை ஓன் பண்ணி, ஓஸ் நிறைய விட்டு, ஓஃப் பண்ணுங்கோ. பத்து நிமிசம் பொறுத்து ஒரு பேர்னரைக் கொளுத்தினால் ஓஸுக்குள்ளை மிஞ்சின காஸ் ஒருக்கால் எரிஞ்சு அணையும். எரியாட்டில் அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளை அது எங்கையோ போயிட்டுது.

மணம் வந்தால் உதெல்லாம் வேண்டாம். ரெகுலேற்றரை ஓஃப் பண்ணிக் கழட்டு, கதவு யன்னலைத் திற. காஸ் காத்தை விடப் பாரம், நிலத்தோடைதான் படுக்கும். அதால வாசல் கதவு திறந்திருக்கிறதுதான் முக்கியம், மேலை உள்ள யன்னல் காணாது. லைற் சுவிச், ஃபான், பிறிட்ஜ் ஒண்டையும் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். சாமியறை விளக்கையும் நுளம்புச்சுருளையும் ஆக்கள் மறந்துபோறவை. நெருப்புப் பிடிச்சால் எல்லாரையும் வெளியில எடுத்துப்போட்டு தீயணைப்புக்கு 110 அடியுங்கோ.

நல்லூர்_மடைப்பள்ளி

மேலை எல்லாரும் வீட்டு ரெகுலேற்றரைப் பற்றிக் கதைக்கிறியள். கலியாணவீட்டில கண்டது, கிடாரம் வைக்கிற பெரிய அடுப்பு, அதுக்கு வீட்டு ரெகுலேற்றர். விசில் அடிச்சுது, நெருப்பு இல்லை. வீட்டு ரெகுலேற்றர் 30 மில்லிபார் அளவுதான் விடும், ஒரு அடித் தண்ணியின்ர அமுக்கம். பெரிய அடுப்பு கேக்கிறது அதை விடப் பல மடங்கு. கேக்கிற அளவு குடுக்கேலாமல் உள்ளுக்கை காஸ் கிழிபட்டுப் போற சத்தம் அது.

அதை விடப் பயங்கரம் மற்றப் பக்கம்: கிடாரத்து ஹைபிரஷர் ரெகுலேற்றரைக் கழட்டி வீட்டு ரெண்டு பேர்னர் அடுப்புக்குப் பூட்டுறது. நெருப்பு பேர்னரை விட்டு அரை அங்குலம் மேலை நிண்டு இரையும். திருகின் ரப்பரெல்லாம் அந்த அமுக்கத்துக்குச் செய்தது இல்லை.

காஸ் முடியிற நேரம் சிலிண்டரைச் சரிச்சு விடுறது, சுடுதண்ணிச் சட்டிக்குள்ளை வைக்கிறது, ரெண்டும் வேண்டாம். சரிச்சால் திரவம் ரெகுலேற்றருக்குள்ளை வரும். திரவம் காஸாக மாறினால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். முதல் "களக் களக்" எண்டு சத்தம், பிறகு அடுப்பில ஆளுயர நெருப்பு.

சாவகச்சேரி_67

காஸின்ர கலவைதான் காரணம், ரெகுலேற்றரில ஒண்டுமில்லை. 2021 கடைசியில நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடிச்சதை மறந்திட்டியளோ?

அடுப்புத்திருத்தம்

மறக்கேல்லை. கலவைக்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கு, ஆனால் நீங்கள் சொல்லுற மாதிரி இல்லை. 30 பாகை வெய்யிலில புரோப்பேன் தனிய இருந்தால் கிட்டத்தட்ட 10 பார், பியூட்டேன் தனிய எண்டால் 2 பாருக்கும் குறைவு. புரோப்பேன் 30, பியூட்டேன் 70 எண்டால் 4 பார் அளவு. பாதிக்குப் பாதி எண்டால் 6 பாருக்குக் கிட்ட. என்ன அமுக்கம் வந்தாலும் 30 மில்லிபாருக்கு இறக்கிறதுதான் ரெகுலேற்றரின்ர வேலை. உள்ளை வாற அமுக்கம் கூடினால் தேஞ்ச ரப்பர் கூடக் கத்தும். நல்ல ரப்பர் கத்தாது.

புரோப்பேன் முதல் ஆவியாகிப் போகும், பியூட்டேன் கடைசியில மிஞ்சும். அதால சிலிண்டர் புதுசா இருக்கேக்கைதான் உறுமல் கூட, குறையக் குறையத் தணியும். "தானாச் சரியாப் போச்சுது" எண்டு சனம் விட்டிடும். அடுத்த சிலிண்டருக்குத் திரும்ப வரும். புதுச் சிலிண்டருக்கு மட்டும் கத்துற ரெகுலேற்றரைத்தான் மாத்தவேணும்.

குருநகர்_காற்று

கஸ்தூரியார்வீதி அண்ணை, சோப்புப் போட்டுப் பாத்தாச்சு, குமிழி வருது. புது ரெகுலேற்றர் எஸ்.எல்.எஸ். எண்ட இலங்கைத் தர முத்திரையோடை எடுத்தாச்சு. பழைய ஓஸ் போடலாமோ?

ஓஸ்_கிளிப்

ஓஸில அச்சடிச்ச வருசத்தைப் பாருங்கோ. ரெண்டு மூண்டு வருசம் கடந்தால், இல்லாட்டி மடிக்க மேல்தோல் வெடிச்சால், போடாதேங்கோ. நீளம் 1.5 மீற்றருக்கு மேலை வேண்டாம், அடுப்புக்குப் பின்னாலை சூடு படுற இடத்தாலை கொண்டுபோகவும் வேண்டாம். முனையை நேர வெட்டி, ரெகுலேற்றர் வாயில அடிவரைக்கும் தள்ளுங்கோ. போகாட்டில் சுடுதண்ணியில முனையை மட்டும் நனைக்கலாம், எண்ணெய் பூசாதேங்கோ. கிளிப்பைத் திருகாணியால இறுக்கேக்கை ஓஸ் பிதுங்கத் தொடங்கின இடத்தில நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேலை இறுக்கினால் கிளிப்பின்ர விளிம்பு ரப்பரை வெட்டும், அந்த வெட்டு கிளிப்புக்குக் கீழை மறைஞ்சு கிடக்கும், வெளியில தெரியாது.