ஃபோலேட் கோத்த குளோரின்-இ6 எல்லாச் செல்லையும் ஒரேபோலக் கொல்கிறது. எங்கே தவறு?

கேள்வி:
குளோரின்-இ6-ஐ (ஒளி பட்டால் செல்லைக் கொல்லும், பார்ஃபிரின் குடும்பத்து ஒளியுணர் மருந்து, தண்ணீரில் கலக்கும் குளோரின் அல்ல) பெக் (நீரில் கரையும் பாலிமர் சங்கிலி) வழியாக ஃபோலிக் அமிலத்தோடு (ஃபோலேட் வைட்டமினின் ஒரு வடிவம்) இணைத்திருக்கிறோம், ஃபோலேட்டைப் பிடிக்கும் ஏற்பி மிகுந்த செல்லை மட்டும் அது தேடிப் போகட்டும் என்று. ஃபோலேட் ஏற்பி மிகுந்த கேபி, ஏற்பி குறைந்த ஏ549 ஆகிய இருவகைப் புற்றுநோய்ச் செல்களுக்கும் 1 மைக்ரோமோலார், 4 மணி நேரம். பிறகு 660 நா.மீ. ஒளி, 20 ஜூல்/செ.மீ.². இரண்டுமே கிட்டத்தட்ட முழுசாகச் சாகின்றன. செல் வளர்க்கும் ஊடகம் ஆர்பிஎம்ஐ 1640, 10% சீரம்.

பதில் 1:
ஊடகத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஆர்பிஎம்ஐ 1640-இல் லிட்டருக்கு 1 மி.கி. ஃபோலிக் அமிலம் உண்டு, அதாவது சுமார் 2.3 மைக்ரோமோலார். உங்கள் மருந்தைவிட இரு மடங்குக்கும் மேல். ஏற்பியை அது அடைத்துக்கொண்டால் மருந்துக்கு இடமேது? ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐயில் ஒரு வாரமாவது வளர்த்துவிட்டுச் சோதியுங்கள். கூடவே சில குழிகளில் 1 மில்லிமோலார் ஃபோலிக் அமிலம் சேருங்கள். அங்கே உள்ளேறும் மருந்து குறையவில்லை என்றால், அது ஏற்பி வழியே போகவில்லை.

இன்னொன்று, 20 ஜூலில் எல்லாமே செத்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? 1, 2, 5, 10 என்று ஏற்றிப் பாருங்கள். ஒளி படாத இருட்டுத் தட்டு ஒன்றும் கட்டாயம்.

பதில் 2:
இணையாமல் தங்கிய குளோரின்-இ6 எவ்வளவு? அது ஏற்பியைத் தேடாது, எந்தச் செல் சவ்விலும் ஒட்டிக்கொள்ளும். சவ்வுப் பையில் வைத்துச் சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றும் டயாலிசிஸை நம்ப வேண்டாம். நீரில் திரண்டு பைக்குள்ளேயே நின்றுவிடும்.

கேட்டவர்:
ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி) 254 நா.மீ.-இல் ஒரே சிகரம்தான் வந்தது.

பதில் 2:
405-இல் ஓட்டுங்கள். குளோரின்-இ6 பலமாக உறிஞ்சுவது அங்கேதான்; 254-இல் அடித்தளக் கோட்டோடு மறைகிற சின்னச் சிகரம் அங்கே தலைகாட்டும். செல்லுக்குள் போன அளவை ஒளிர்வை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள், திரண்ட மருந்து மங்கலாகத்தான் ஒளிரும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 1% எஸ்டிஎஸ்ஸும் (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) கலந்த கரைசலில் செல்லை உடைத்து, புரத அளவுக்கு ஈடுகட்டி அளவிடுங்கள்.

பதில் 3:
எலிக்குப் போகும்போது: வழக்கமான தீவனத்திலும் ஃபோலேட் தாராளம். இரண்டு வாரம் முன்பே ஃபோலேட் இல்லாத தீவனத்துக்கு மாற்றுங்கள். சிறுநீரகம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பதற வேண்டாம், அதன் நுண்குழல்களில் அதே ஏற்பி உண்டு.

ஒளி பாய்ச்சும் நேரத்தைப் பிறரிடமிருந்து கடன் வாங்காதீர்கள். ஜப்பானில் 2020-இல் அனுமதி பெற்ற இஜிஎஃப்ஆர் (புற்றுநோய்ச் செல்களில் மிகுந்திருக்கும் வேறொரு ஏற்பி) ஆன்டிபாடி ஒளி மருந்துக்கு 20–28 மணி நேரம் காத்திருப்பார்கள். ஆன்டிபாடி ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும், சின்ன ஃபோலேட் இணைப்பு சீக்கிரம் வெளியேறும். 1, 4, 8, 24 மணியில் படமெடுத்து, கட்டிக்கும் தோலுக்குமான விகிதம் எப்போது உச்சமோ அப்போது பாய்ச்சுங்கள். கட்டியின் ஒளிர்வு மட்டும் உச்சம் தொடும் நேரம் வேறாக இருக்கலாம்.

செ.மீ.²-க்கு 100 ஜூல் ஒளியை 100 மில்லிவாட் வீதம் கொடுத்தால் 1000 விநாடி. அவசரப்பட்டு 300 மில்லிவாட்டுக்கு ஏற்றினால், இந்த மருந்து செல்லைக் கொல்லத் தேவைப்படும் ஆக்சிஜன் ரத்தம் வழியே வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகும், தோலும் சூடேறும்.