குமரிக்குத் தெற்கே கடலடியில் தெரிவது தெருவா, கப்பல் தடமா?

வேளிமலை: கூகுள் எர்த்தில் கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே நகர்த்திக்கொண்டே போங்கள். கரையோர வெளிர்நீலம் முடிந்து கருநீலம் தொடங்கியதும் கடலடியில் நேர்நேராகக் கோடுகள் தெரியும். சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும் போகின்றன. இயற்கைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாது; கடல்கொண்ட பழந்தமிழ் ஊரின் தெருக்கள்தான் இவை. பஃறுளியாற்றைக் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்வதைக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவனுக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எகிப்துப் பாலைவனத்தில் 45 மீட்டர் அகலமுள்ள கமில் விண்கல் பள்ளம் 2008இல் கூகுள் எர்த்தில்தான் கண்ணில் பட்டது.

தேரூர்க்காரன்: அண்ணே, அது புகைப்படமே இல்லை. தெளிந்த கடலிலேயே சில பத்து மீட்டர் வரைதான் அடி தெரியும். அதற்குக் கீழே காட்டுவதெல்லாம் ஆழக் கணக்கை வைத்துக் கணினி வரைந்தது. கடலடியில் மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரை இழுக்கும்; மேலே கடல்மட்டம் லேசாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பைச் செயற்கைக்கோள் ரேடாரால் அளந்து, அடியில் என்ன இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். கப்பல் ஒலி அனுப்பி அளந்துகொண்டே போன பட்டையில் மட்டும் விவரம் துல்லியம், இரு பக்கமும் மங்கல். இரண்டையும் ஒட்டுப்போட்ட இடம்தான் உங்கள் கோடு. 2009இல் கேனரி தீவுகள் பக்கம் இதே மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்ததை அட்லாண்டிஸ் என்று கொண்டாடினார்கள். கப்பல் தடம் என்று கூகுளே விளக்கம் கொடுத்தது. சந்தேகம் என்றால் கோட்டின் அகலத்தை அளந்து பாருங்கள், கிலோமீட்டர் கணக்கில் வரும். சுசீந்திரத்துத் தேர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி இழுத்தாலும் அவ்வளவு அகலத் தெரு வேண்டாம்.

குலசேகரம் ரப்பர்: நடுவில் ஒரு சங்கதி. துபாயில் இருக்கும் மச்சான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "திருவட்டாறு பக்கம் ஆத்துக்குக் குறுக்க பெரிய சீப்பு கிடக்கு, என்ன மாப்ளே இது?" என்று கேட்டான். மாத்தூர் தொட்டிப்பாலம்! மேலிருந்து பார்த்தால் பாலம் மெல்லிய கோடுதான். அந்த உயரத் தூண்களின் நிழல் சாய்ந்து விழுந்து பல் பல்லாகத் தெரிகிறது. பிறந்து வளர்ந்த ஊர்க்காரனுக்கே அடையாளம் பிடிபடவில்லை.

வேளிமலை: சீப்போ சிக்குவாரியோ, அங்கே மனிதன் கட்டிய ஒன்று இருந்ததா இல்லையா? அதைத்தானே நானும் சொல்கிறேன். அப்புறம், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. குமரிக்குத் தெற்கே தரை இருந்தது என்று அறிவியலே ஒப்புக்கொள்கிறது.

முட்டம் அலை: தம்பி சொல்லும் தரைதான் எங்கள் தொழிலிடம். வாட்ஜ் பேங்க் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், குமரிக்குத் தெற்கே உள்ள கடலடி மேடு. கடலடிப் பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம், மீன் அங்கேதான் அணையும். அப்பா காலத்தில் கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது ஜிபிஎஸ், ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர். வள்ளம் பாருக்கு மேலே வந்ததும் திரையில் தட்டையாக ஓடிய கோடு சட்டென்று எழும்பும், தூண்டிலை இறக்குவோம். தம்பியின் கோடுகள் கிடப்பது அந்த மேட்டையெல்லாம் தாண்டி, ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழத்தில். கடல் 120 மீட்டர் இறங்கின காலத்திலும் அங்கே தண்ணீர்தான்.

தேரூர்க்காரன்: அதேதான். கமில் கதையிலும் பாதியை அண்ணன் விட்டுவிட்டார். இத்தாலி, எகிப்து ஆய்வாளர்கள் நேரில் போய் இரும்பு விண்கல் துண்டுகளைப் பொறுக்கிய பிறகுதான் அது உறுதியானது. மவுரித்தேனியாவின் ரிச்சாட் வட்டத்தைப் பாருங்கள், 40 கிலோமீட்டர் அகலம். விண்கல் விழுந்த இடம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கல்லைத் தட்டிப் பார்த்தபோது, கீழிருந்து குமிழாக எழும்பி அரித்துப்போன பாறை அடுக்கு என்று தெரிந்தது. நியூ கலிடோனியா பக்கம் சாண்டி தீவு என்று ஒன்று கூகுள் வரைபடத்திலேயே இருந்தது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் போய்ப் பார்த்தால் வெறும் கடல், ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம்!

வேளிமலை: சாண்டி தீவைப் போட்டது பழைய கடல் வரைபடம், செயற்கைக்கோள் மேல் ஏன் பழி? கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால் 25க்கு 45 மீட்டர் அளவில் கிடந்த பொட்டுத் தீவை 1970களில் லாண்ட்சாட் 1 செயற்கைக்கோள் எடுத்த படத்தில்தான் கண்டார்கள். தீவுக்கே லாண்ட்சாட் என்று பெயர் வைத்தார்கள்.

தேரூர்க்காரன்: வைத்தார்கள். அதற்கு முன்னால் ஹெலிகாப்டரிலிருந்து ஒருவரைப் பட்டை கட்டி இறக்கினார்கள். மேலே பனிக்கரடி உட்கார்ந்திருந்தது, கையை ஓங்கியது. ஆள் இறங்கினாரா இல்லையா?

வேளிமலை: இறங்கச் சொன்னது படம்தானே! படம் இல்லாவிட்டால் எங்கே போய் இறங்குவார்? சரி, முட்டம் அண்ணாச்சி, 120 மீட்டருக்குள் உங்களுக்குத் தெரிந்த பார்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கொடுங்கள். படத்தோடு ஒத்துப்பார்த்துச் சொல்கிறேன்.

முட்டம் அலை: பார் கிடக்கும் இடத்தை எவனாவது பொதுவில் எழுதுவானா மக்கா? கூடப் பிறந்தவனுக்கே சொல்ல மாட்டோம். தென்மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு வா, வள்ளத்தில் கூட்டிப் போகிறேன். போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது, வாந்தி எடுத்தால் பாதியில் திரும்ப மாட்டேன்.