‘ஸ்டெட்ஃபாஸ்ட்’னு நேர்ப்பேச்சில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

மார்த்தாண்டம் டிடிபி

நர்சிங் முடித்து வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குச் சபைப் போதகர் தரும் நற்சான்றுக் கடிதம் எங்கள் கடைக்கு அடிக்கடி டைப் அடிக்க வரும். யார் எழுதினாலும் ‘ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ஃபெய்த்’ என்று ஒரு வரி இருந்தே தீரும். எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. அந்த வரி ஒன்று பேதுரு 5:9. ஒன்று கொரிந்தியர் 15:58லும் இந்தச் சொல் உண்டு. நம்ம வேதாகமத்தில் ‘உறுதிப்பட்டவர்களாயும், அசையாதவர்களாயும்’ என்று வாசிக்கிற இடம், 1611ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் ‘ஸ்டெட்ஃபாஸ்ட், அன்மூவபிள்’. சபையில் வளர்ந்த காதுக்கு அது பழகின சொல்தான். சபைக்கு வெளியே, வீட்டிலோ வேலையிலோ சும்மா பேசும்போது இதை யாராவது சொல்வாங்களா? ‘ஸ்டாஞ்ச்’ (விட்டுக்கொடுக்காத பற்று உள்ள) என்று இதற்குப் பக்கத்துச் சொல் ஒன்றும் இருக்கு. நம்ம ஊர் அரசியல் பேச்சில் அதுதான் ஓடும். கேட்டவங்க, பேசினவங்க எழுதுங்க.

பாறசாலை டீச்சர்

எட்டாம் வகுப்பில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். பின்பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, “ஸ்டெடியாட்டு, ஃபாஸ்ட்டாட்டு போறது டீச்சர். நம்ம கேஎஸ்ஆர்டிசி ஃபாஸ்ட் பாசஞ்சர் பஸ் மாதிரி” என்றான். கிளாஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அவனைத் திட்ட மனசு வரவில்லை. ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்!

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்றால் உறுதி, அசையாமை. வேகம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் பொருள் இன்னும் சாகவில்லை: ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்கிறோமே, வேகமாகவா தூங்குகிறார்கள்? சீட் பெல்ட்டை ‘ஃபாஸன்’ பண்ணச் சொல்வதும், சாயம் போகாத துணியை ‘கலர் ஃபாஸ்ட்’ என்பதும் அதே வழிதான். முன்பாதியில் இருக்கும் ‘ஸ்டெட்’ என்றால் இடம். ‘இன்ஸ்டெட்’, ‘ஹோம்ஸ்டெட்’ இரண்டிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. ஆக, நின்ற இடத்தை விட்டு நகராதவன் ஸ்டெட்ஃபாஸ்ட். சாயங்காலம் பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலில் ஃபாஸ்ட் பாசஞ்சர் நகராமல் நிற்கிற நிலையைப் பார்த்தால் பையன் சொன்ன உதாரணம் ரொம்பச் சரி.

லீட்ஸில் ஒரு கருங்கல்காரி

அக்கா, வார்டில் நான் ஒருத்தர் வாயிலும் கேட்டதில்லை. ஒரு தாத்தா, மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த நாளெல்லாம் தவறாமல் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டெட்ஃபாஸ்ட் என்றால் அந்த மனுஷன்தான். ஆனால் எங்கள் வார்டு சிஸ்டர் (தலைமை நர்ஸ்) அவரைப் பற்றிச் சொன்னது ‘ஹி இஸ் எ ராக்’. மாத்திரையை வாயில் வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பாட்டிக்கு ‘ஷி வோன்ட் பட்ஜ்’, அசையமாட்டாள் என்று. இங்கே பேச்சு இவ்வளவுதான், எல்லாம் சின்னச் சின்னச் சொல்.

ஸ்டெட்ஃபாஸ்ட் எங்கே வரும் தெரியுமா? மேலிடத்து மெயிலில். 2022 டிசம்பர் 15ல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நர்சுகள் வேலைநிறுத்தம் நடந்ததே, அந்தச் சமயத்தில் ‘உங்கள் ஸ்டெட்ஃபாஸ்ட் கமிட்மென்ட்டுக்கு நன்றி’ என்று எங்கள் மேனேஜ்மென்ட்டிலிருந்து ஒன்று வந்தது. சம்பளம் கேட்டால் பெரிய சொல்லாக ஒன்று கிடைக்கும் போல.

ஸ்டாஞ்ச் எங்களுக்கு வேறு மாதிரிப் பழக்கம். ‘ஸ்டாஞ்ச் தி ப்ளீடிங்’ என்றால் ரத்தம் ஒழுகுவதை அழுத்தி நிறுத்து என்று அர்த்தம்.

குளச்சல் சரக்கு

தங்கச்சி சொன்னதுதான் அதற்கு மூலம். பழைய பிரெஞ்சில் ஒழுக்கை அடைப்பது பற்றிய சொல். தண்ணீர் புகாத கப்பல் ஸ்டாஞ்ச். அப்புறம்தான் மனுஷனுக்கு வந்தது. நான் கப்பல் வாடகை ஒப்பந்தங்கள் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், ‘டைட், ஸ்டாஞ்ச் அண்ட் ஸ்ட்ராங்’ என்று கப்பலைச் சொல்லும் வாசகம் அந்தப் பத்திரங்களில் வழிவழியாக வருவது.

கொல்லங்கோடு பேரன்

ஸ்டாஞ்ச் இல்லாத டீக்கடை நம்ம பக்கம் உண்டா! எங்கள் தாத்தா திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நம்ம பக்கம் தமிழ்நாட்டோடு சேரணும் என்று போராடின கட்சி. அதன் தலைவர் நேசமணி பேரைச் சொன்னால் எழுந்து நிற்பார். 1954 ஆகஸ்ட் 11ல் அந்தப் போராட்டக்காரர்கள் மேல் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூடு பற்றிப் பேச்சு வந்தால் சோறு இறங்காது. அவருடைய தம்பி எதிர்க்கட்சி, கேரளத்தோடேயே இருக்கணும் என்பவர். 1956 நவம்பர் 1ல் எல்லை மாறி நம்ம பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் மாறவில்லை. ஊரில் இரண்டு பேரையும் “அவரு பயங்கர ஸ்டாஞ்சாக்கும்” என்றுதான் சொல்வார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிச்சேன். நம்ம ஆட்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆங்கிலக்காரன் நிறுத்தமாட்டான்: ஸ்டாஞ்ச் சப்போர்ட்டர், ஸ்டாஞ்ச் ‘அலை’ (கூட்டாளி), ஸ்டாஞ்ச் கத்தோலிக் என்று பின்னால் ஒரு ஆள் வந்தாகணும். ‘ஸ்டாஞ்ச் அப்போனன்ட்’ என்று எதிராளிக்கும் போடலாம். ஒரு பக்கம் எடுத்து நிற்கிறவனுக்கே அது பொருந்தும். ஸ்டெட்ஃபாஸ்டுக்குக் கட்சி வேண்டாம், தனியாளாய் நின்றாலும் போதும். ‘லாயல்’ (விசுவாசமான) என்றால் நாய்க்கும் சொல்லலாம், மளிகைக்கடை வாடிக்கைக்கும் சொல்லலாம். பத்திரிகையில் தலைவர்களுக்குப் போடும்போது எனக்கு என்னவோ மரியாதைக் குறைவாகவே படும்.

மார்த்தாண்டம் டிடிபி

பேரன் தம்பி, தாத்தாவைப் பிடிக்காதவங்க அவரை என்ன சொல்வாங்க?

கொல்லங்கோடு பேரன்

‘ஸ்டப்பர்ன்’, பிடிவாதக்காரர். சித்தப்பா தாத்தா வீட்டில் இன்றைக்கும் அதுதான்.

செங்கோட்டை ஓப்பனர்

கிரிக்கெட் கமென்டரி கேட்கிறவங்க யாரும் இங்கே இல்லையா? 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவோடு சிட்னி டெஸ்ட் கடைசி நாள். தொடைத்தசை பிடித்து ஓடவே முடியாத நம்ம ஹனுமா விகாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இரண்டு பேரும் அவுட் ஆகாமல் மேட்சை டிரா பண்ணினார்கள். இந்த மாதிரி ஆட்டத்துக்கு ‘ரெசல்யூட்’ (மன உறுதி), ‘டாகட்’ என்பார்கள். ஸ்டெட்ஃபாஸ்ட் எப்போதாவது வரும், ஸ்டாஞ்ச் என் காதில் விழுந்ததில்லை. டாகட் என்றால் நாய் மாதிரி விடாப்பிடி. டீச்சர், உங்கள் பின்பெஞ்சு பையனிடம் அதற்கு அர்த்தம் கேட்டுப் பாருங்கள்.