எலிமென்டர் 4-லயே இருந்துடலாமா, பிரிக்ஸுக்கு மாறிடலாமா?

கேள்வி: ஈரோடு வலைத்தறி

வணக்கம். நானும் என் தம்பியும் சேர்ந்து ஈரோட்டுல வெப்சைட் பண்ணிக் கொடுக்கறோம். பள்ளிக்கூடம், ஜவுளி மொத்த வியாபாரம், கிளினிக்னு கலந்து இருக்கு. எல்லாமே வேர்ட்பிரஸ், அதுல பக்கத்தை இழுத்து வெச்சுக் கட்டற பில்டரான எலிமென்டர் ப்ரோ. அவங்க எடிட்டர் 4-ல கிளாஸ் (ஒரு தடவை எழுதிப் பல இடத்துல போடற ஸ்டைல்), வேரியபிள் (நிறம் மாதிரி பொது மதிப்பு), காம்போனென்ட் (திரும்பத் திரும்பப் போடற பாகம்) எல்லாம் கொண்டு வந்திருக்காங்க, ஒரு தலைப்பைச் சுத்தி அடுக்கடுக்கா டிவ் (வெறும் பெட்டி டேக்) வர்றதும் குறையுது. தம்பியோ, இதெல்லாம் இன்னொரு பில்டரான பிரிக்ஸ்ல ஏற்கனவே இருக்கு, மொத்தமா மாத்திடலாம்னு நிக்கறான். ஏஎம்சி-ல (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கற பழைய சைட்டுகளையும் மாத்தறது சரியா? மாத்திப் பார்த்தவங்க சொல்லுங்க.

பதில்: கோவை கோடு

தம்பி சொல்றதுதான் சரி. பிரிக்ஸ்ல கிளாஸ் போட்டுப் பழகிட்டா திரும்பி வர மனசே வராது. தலைப்பு வெச்சா ஹெச்2 மாதிரி வெறும் தலைப்பு டேக் மட்டும்தான் வெளிய வரும். க்வெரி லூப்புக்கு (பதிவுகளைத் தானா எடுத்து வரிசையா காட்டறது) தனி பிளகின் வேண்டாம். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: பிரிக்ஸ் பிளகின் இல்ல, தீம். ஹெடர், ஃபுட்டர், ஆர்க்கைவ் பக்கம் எல்லாத்தையும் மறுபடி கட்டணும். லைவ்ல கை வைக்காதீங்க.

பதில்: மலைக்கோட்டை வெப்

புது வசதிகளைப் பார்த்து இந்த முடிவை எடுக்காதீங்க. உங்க கிளையன்ட்டோட எழுத்தும் படமும் டேட்டாபேஸ்ல எங்க உக்காந்திருக்குன்னு முதல்ல பாருங்க. எலிமென்டர்ல கட்டின பக்கத்தோட அமைப்பு முழுக்க போஸ்ட்மெட்டா டேபிள்ல (பதிவோட கூடுதல் விவரம் இருக்கற இடம்) ஒரே நீள ஜேசானா, அதாவது ப்ரோகிராமுக்கான டேட்டா எழுத்தா கிடக்கும். பிரிக்ஸும் அதே டேபிள்லதான் வைக்குது, ஆனா வேற பேர்ல, வேற அமைப்புல. ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு அப்படியே படிக்காது. அதனால மாத்தறதுன்னா பக்கம் பக்கமா திரும்பக் கட்டறதுதான்.

டிவ்விங்கற பில்டர் 4-ம் வெர்ஷன் வரைக்கும் பக்கத்தை ஷார்ட்கோடா (சதுர அடைப்புக்குறிக்குள்ள இருக்கற குறியீடு) எழுதிச்சு; அதை அணைச்சா பக்கம் பூரா சதுர அடைப்புக்குறிதான் நிக்கும். 2018 டிசம்பர்ல வேர்ட்பிரஸ் 5.0-ஓட வந்த அதோட சொந்த எடிட்டரான குட்டன்பெர்க், சாதா ஹெச்டிஎம்எல்லா எழுதி நடுநடுவுல கமென்ட் போட்டு வைக்கும். என்ன நடந்தாலும் பத்திகள் படிக்கற மாதிரி மிஞ்சும். நான் அதை மதிக்கறதுக்குக் காரணமே இதுதான், வடிவமைக்கற வசதி கம்மியா இருந்தாலும்.

இன்னொண்ணு. புது வெர்ஷன்னு பேர் இருந்தா பழைய சைட்டும் கூடவே நகரும்னு நினைக்கக் கூடாது. ஆக்ஸிஜன்ங்கற பில்டரோட 6-ம் வெர்ஷனை, பிரேக்டான்ஸ்ங்கற இன்னொரு பில்டரோட அடித்தளத்து மேல புதுசா எழுதினாங்க. பழைய ஆக்ஸிஜன்ல கட்டின சைட்டை அதுக்கு அப்டேட் பண்ண முடியாது. அது 'கிளாசிக்'னு தனியா நிக்குது. டிவ்வி 5 நேர் எதிர் வழி. ஷார்ட்கோடை விட்டுட்டு புது ஃபார்மட்டுக்குப் போனாங்க, ஆனா பழைய பக்கங்களை மாத்தித் தர்ற வேலையையும் அவங்களே ஏத்துக்கிட்டாங்க. எலிமென்டர் பழைய விட்ஜெட்டும் புது எலிமென்ட்டும் ஒரே பக்கத்துல சேர்ந்து இருக்கலாம்ங்குது. ஒரு டூலை எடைபோட நான் பார்க்கறது இதைத்தான்: மூணு வருஷம் முன்னாடி கட்டினவனை என்ன பண்றாங்க?

உங்க பள்ளிக்கூட சைட்டுல நோட்டீஸ் போடறது யாரு? ஆபீஸ்ல இருக்கற கிளார்க் அம்மாதானே. எங்க அழுத்தணும்னு அவங்க நோட்டுல எழுதி வெச்சிருப்பாங்க. எடிட்டர் மாறினா அந்த நோட்டு வீண். உங்களுக்குச் சுத்தமான கோடு கிடைக்குதுங்கறதுக்காக அவங்க ஏன் மறுபடி கத்துக்கணும்?

நான் செய்யறது இதுதான். டாக்டர் வர்ற நேரம், துணி விலை, நோட்டீஸ் மாதிரி அடிக்கடி மாறற விஷயம் எதையும் பில்டருக்குள்ள எழுத மாட்டேன். வேர்ட்பிரஸ்லயே தனி வகைப் பதிவு (கஸ்டம் போஸ்ட் டைப்), அதுக்குத் தனித்தனி கட்டம் (கஸ்டம் ஃபீல்டு), அதுலதான். பில்டர் அதை எடுத்துக் காட்டினா போதும். நாளைக்கு எந்த டூலுக்குப் போனாலும் நாலைஞ்சு டெம்ப்ளேட்டைத் திரும்பக் கட்டினா வேலை முடியும், இருநூறு பக்கத்தை இல்ல. பழைய சைட்டுல முதல்ல இதைப் பண்ணுங்க. மாறறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்.

பதில்: ஈரோடு வலைத்தறி

ரொம்ப நன்றிக்கா. கிளார்க் அம்மா விஷயம் அப்படியே எங்க ஸ்கூல் சைட்தான்! இப்ப ஒரு ஜவுளிக்காரர் புது சைட் கேக்கறார். அதை மட்டும் பிரிக்ஸ்ல பண்ணிப் பார்க்கலாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டான். பழைய சைட்டுல வேகம் மட்டும் உறுத்துது. கிளினிக் பக்கம் மொபைல்ல ரொம்ப இழுக்குது.

பதில்: கோவை கோடு

புது சைட்டுல ஆரம்பிக்கறது நல்ல முடிவு. பழசை மாத்தச் சொல்லி கிளையன்ட்டே கேட்டா புது சைட்டுக்கான தொகையை வாங்குங்க, ஏஎம்சி-க்குள்ள சேர்க்காதீங்க.

பதில்: மலைக்கோட்டை வெப்

கிளினிக் இழுக்கறதுக்கு பில்டர்தான் காரணம்னு எடுத்தவுடனே முடிவு பண்ணாதீங்க. முதல் ஸ்லைடர் படம் எத்தனை கேபி, எத்தனை கூகுள் ஃபான்ட் இறங்குது, கூகுள் மேப்பும் சாட் பட்டனும் எப்ப லோடு ஆகுதுன்னு பாருங்க. பழைய செக்‌ஷன், காலம் (நெடுவரிசை) அமைப்புல இருந்தா, எலிமென்டரோட புது அமைப்பான கன்டெய்னருக்கு மாத்தினாலே டிவ் குறையும். அதுக்கான கன்வெர்ட் பட்டன் எலிமென்டர்லயே இருக்கு. ஸ்டேஜிங் காப்பி (சோதனைக்கு மட்டும் சைட்டோட நகல்) எடுத்து அதுல பண்ணுங்க. அமுக்கினதும் மொபைல் வியூல ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால பாருங்க, இடைவெளி அங்கங்க மாறியிருக்கும். எடிட்டர் 4-ஐயும் அந்தக் காப்பிலயே ஓட விட்டுப் பாருங்க.