கற்பூரவல்லி எண்ணெய்: நொதித் தடுப்புச் சோதனையில் கலங்கல், உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி அருகே எங்கள் ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்தில் வளரும் கற்பூரவல்லியின் எண்ணெயை முதுகலை ஆய்வேட்டுக்காக ஆராய்ந்து வருகிறேன். அரைக் கிலோ பச்சை இலையைக் கிளெவஞ்சர் கருவியில் (நீராவியோடு எண்ணெயைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) 3 மணி நேரம் காய்ச்சியும், வெளிர்மஞ்சள் ஏடாக அரை மில்லிலிட்டர்கூடத் தேறவில்லை. ஆகவே ஒவ்வொரு சொட்டையும் எண்ணித்தான் செலவழிக்கிறேன். (சளிக்கு இலையை மென்றால் போதாதா என்பது ஆச்சியின் கேள்வி.)

நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை இந்த எண்ணெய் எவ்வளவு தடுக்கிறது என்பதை, 1961இல் வெளியான எல்மன் முறைப்படி, 412 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் உருவாகும் வேகத்தைக் கொண்டு அளக்கிறேன்; நொதி தடுக்கப்பட்டால் அவ்வேகம் குறையும். டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானில் தெளிவாகக் கரையும் எண்ணெய், தாங்கல் கரைசலில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் நீர்க்கரைசல்) விட்டவுடன் பால்போல் கலங்கிவிடுகிறது. அக்கலங்கலும் ஒளியை மறைத்து மஞ்சள் நிறம்போலவே பதிவாவதால், செறிவு கூடக்கூடத் தடுப்பு குறைவதுபோல் பொய்யான அளவு வருகிறது. ஒவ்வொரு செறிவுக்கும் நொதி சேர்க்காத வெற்றுக் கரைசலை வைத்துக் கழித்தால் போதுமா? எண்ணெயை நீரில் கலக்க உதவும் ட்வீன் 20 சேர்ப்பதானால், நொதியைப் பாதிக்காத அளவு எது? கலங்கல் நேரத்தோடு மாறுவதால் கழித்தலை மட்டும் நம்ப எனக்குத் தயக்கமாக உள்ளது.

எண்ணெயின் கூறுகளை இனங்காண்பதில் இன்னொரு சிறு ஐயம்: அதன் மணப்பொருள்களான தைமாலும் கார்வக்ராலும் 150 என்ற ஒரே மூலக்கூறு நிறையுள்ள மாற்றியங்கள் (அணுக்கள் ஒன்றே, அமைப்பு வேறு), நிறைமாலையும் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைப்பதிவு) ஏறக்குறைய ஒன்றே. வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஒப்பீட்டுக்கு ஆல்கேன் வரிசையை ஓட்டித் தக்கவைப்புக் குறியீட்டை (பொருள் வெளிவரும் நேரத்தை அவ்வரிசையோடு ஒப்பிட்டுப் பெறும் எண்) கணக்கிட்டால் மட்டும் போதுமா, தூய மாதிரியும் வாங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவுகளோடு எழுதினால் நன்றியுடையவனாவேன்.